மூணாவது படிக்கிற பிள்ளைக்கு ஏவுகணைப் பாடம், பன்னிரண்டாவதுக்கு வெட்டியெடுத்த பாடம்!

தோழர்களே, ஒரு கேள்வி. எட்டு வயசுப் பிள்ளைக்குப் போரைப் பத்தி என்ன சொல்லிக் கொடுப்பீங்க?

ஒன்றிய அரசின் என்சிஇஆர்டி பதில் வச்சிருக்கு. பஹல்காமில் 26 பேரைப் பயங்கரவாதிகள் சுட்டுக் கொன்றதையும், அதற்கு 2025 மே 7-ல் நம் ராணுவம் கொடுத்த பதிலடியையும் வைத்து, ஆகஸ்டில் 'ஆபரேஷன் சிந்தூர்' பற்றி இரண்டு கையேடுகள் வெளியிட்டது. 3 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஒண்ணு, 9 முதல் 12 வரை இன்னொண்ணு. தாக்குதலைக் கண்டித்து காஷ்மீர் கடைக்காரர்கள் கடையடைத்ததும் அதில் இருக்கு. நல்லது, அதை மறுக்கலை.

வகுப்பில் இதைப் பேசவே கூடாதுன்னும் நாம சொல்லலை. பேசியே ஆகணும். அந்த நாலு நாள்ல பிள்ளைங்க என்ன பார்த்தாங்கன்னு ஞாபகம் இருக்கா? வீடியோ கேம் காட்சி போர்க்காட்சின்னு சுத்துச்சு. கராச்சி துறைமுகம் காலின்னு டிவியில கத்துனாங்க. வாத்தியார் பேசலைன்னா வாட்ஸ்அப் பாடம் எடுக்கும், அவ்வளவுதான்.

ஆனா எதைப் பேசணும்? இங்கதான் இவங்க வேஷம் கலையுது.

12-ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகத்துல 'பனிப்போர் காலம்'னு ஒரு பாடம் இருந்துச்சு. கியூபா ஏவுகணை நெருக்கடியில்தான் அது தொடங்கும். 1962 அக்டோபர்ல அமெரிக்காவும் சோவியத்தும் அணுகுண்டோட முறைச்சுக்கிட்டு நின்னாங்க. 13 நாள் கழிச்சு கென்னடியும் குருஷ்சேவும் பேசி இறங்கி வந்தாங்க. கியூபாவிலிருந்து ஏவுகணை போச்சு; துருக்கியிலிருந்தும் சத்தமில்லாமல் போச்சு. அடுத்த வருஷமே ரெண்டு தலைநகருக்கும் நடுவுல நேரடித் தொடர்பு போட்டாங்க. அணு ஆயுதம் வச்சிருக்கிற ரெண்டு பகை நாடு எப்படிப் பின்வாங்கும்னு ஒரு மாணவர் கத்துக்க இதைவிட நல்ல பாடம் உண்டா? பாடச்சுமையைக் குறைக்கிறோம்னு சொல்லி அதை மொத்தமா தூக்கிட்டாங்க!

நம்ம கதையும் அப்படித்தான். மே 10 பிற்பகல் 3.35-க்கு பாகிஸ்தான் ராணுவ அதிகாரி நம்ம ராணுவ அதிகாரிக்கு போன் போட்ட பிறகுதான் சண்டை நின்னதுன்னு நம்ம வெளியுறவுத் துறையே சொல்லுச்சு. 1988-ல் ராஜீவ் காந்தியும் பெனாசிர் பூட்டோவும் போட்ட ஒப்பந்தப்படி, 1992 முதல் ஒவ்வொரு சனவரி 1-ஆம் தேதியும் ரெண்டு நாடும் அணுசக்தி நிலையங்களின் பட்டியலை மாத்திக்குது. கார்கில் முடிஞ்ச அடுத்த சனவரியிலும் மாத்திக்கிச்சு. 1960-ல் போட்ட சிந்து நதி ஒப்பந்தம் மூணு போரைத் தாண்டி நின்னுச்சு. பஹல்காமுக்கு மறுநாள் நிறுத்தி வச்சாங்க. அது சரியா தப்பான்னு பிள்ளைங்க வகுப்பில் விவாதிக்கட்டுமே. என்ன பயம்?

உடனே 'பயங்கரவாதத்துக்கு வக்காலத்து'ன்னு வருவாங்க. மும்பையில் 2008-ல் 166 பேரைக் கொன்றார்களே, அதில் உயிரோடு பிடிபட்ட கசாபுக்கு என்ன செஞ்சோம்? வழக்கறிஞர் கொடுத்தோம், சாட்சியை விசாரிச்சோம், உச்ச நீதிமன்றம் வரை கேட்டோம், 2012-ல்தான் தண்டனை நிறைவேறியது. தூக்கு சரியாங்கிறது வேற விவாதம். ஆனா கொலைகாரனையும் சட்டத்தின் முன்னாடி நிறுத்துன நாடு இதுன்னு சொல்லிக் கொடுக்க ஏன் வாய் வரலை?

பஹல்காமில் சுற்றுலா வந்தவங்களைக் காப்பாத்தப் போய் உயிரை விட்ட குதிரைக்காரர் ஒரு காஷ்மீர் முஸ்லிம். ஆனா மிரட்டலுக்குப் பயந்து டேராடூனில் இருந்து மூட்டை கட்டுனவங்க யாரு? அங்க படிச்ச காஷ்மீர் மாணவர்கள். கணவரை இழந்த ஒரு பெண் 'முஸ்லிம்கள் மேலயும் காஷ்மீரிகள் மேலயும் வெறுப்பைக் காட்டாதீங்க'ன்னு சொன்னதுக்கு, அவரையே இணையத்தில் கேவலமா திட்டுனாங்க. சண்டை நின்னுச்சுன்னு அறிவிச்ச வெளியுறவுச் செயலாளர் விக்ரம் மிஸ்ரியையும் விடலை. திட்டுனவங்க எல்லாம் படிக்காதவங்களா? நம்மகூட படிச்சு டிகிரி வாங்குனவங்கதான்!

பூஞ்ச்சில் பாகிஸ்தான் எறிகணைக்குப் பள்ளிக் குழந்தைகளும் பலியானாங்க. மூணாம் வகுப்புப் பிள்ளைக்குப் போர் என்னன்னு சொல்லணும்னா, அந்தப் பிள்ளைங்களைப் பத்திச் சொல்லுங்க.

எடுத்த பாடத்தைத் திருப்பி வைக்கணும். இதுதான் நாம கேக்குறது. வீட்டுல சிபிஎஸ்இ 12-வதுல அரசியல் அறிவியல் படிக்கிறவங்க இருந்தா, அந்த உலக அரசியல் புத்தகத்தை வாங்கிப் பாருங்க. முதல் பாடமே 'இருதுருவ உலகின் முடிவு'. ஆரம்பமே இல்லாம முடிவு! போட்டோ எடுத்து கமெண்ட்ல போடுங்க தோழர்களே, எல்லாரும் பார்க்கட்டும்.