ஓரமாப் போனால் காணுமோ?

"ஓரமாப் போ பிள்ளை" எண்டு சொல்லித்தான் வீட்டில் எங்களைச் சைக்கிளில் அனுப்பினார்கள். ஆனால் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஓரம் எங்கே இருக்கிறது? அங்கே நிற்பது கார்கள். அவற்றை உரசிக்கொண்டு போகும்போது ஒரு கதவு திறந்தால் பிரேக் பிடிக்க நேரமில்லை. கதவில் மோதுவோம், இல்லாவிட்டால் வலப்பக்கம் வெட்டி, பின்னால் வரும் பஸ்ஸுக்கு முன்னால் விழுவோம்.

ஆகவே நிற்கும் காரிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி, நேராக ஓடுவோம். கார்களுக்கு இடையிலுள்ள வெளிக்குள் புகுந்து புகுந்து வரவேண்டாம். காருக்குள் தலை தெரியுதா, பிரேக் லைற் இப்பதான் அணைஞ்சதா எண்டு பார்ப்போம். பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

அதற்காக முழுப் பொறுப்பையும் சைக்கிள்காரர் தலையில் கட்ட முடியாது. எங்கள் நாட்டில் சாரதி இருப்பது வலப்பக்கம். அவருடைய கதவு திறப்பது நேரே வீதிக்குள். அதை அவர் இடக்கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னுக்குப் போகும். நெதர்லாந்தின் பெயரால் அறியப்படும் இந்தப் பழக்கத்தைப் பிரித்தானியா 2022இல் தன் வீதி விதி நூலிலேயே சேர்த்துவிட்டது. ஒரு சதம் செலவில்லை.

கார் வச்சிருக்கிற மாமாமாரே, எங்களை ஓரமாப் போகச் சொல்ல முதல், நீங்கள் ஒருக்காப் பின்னால பாத்திட்டுக் கதவைத் திறவுங்கோ.