நெருப்பைக் காப்பவனைக் காப்பது யார்?

பொருநைக்கு விசையுண்டு என்று கண்டுகொண்டவன் வெள்ளை முதலாளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலே பாபநாசத்து நீரின் வேகத்தைக் கொண்டே நூற்பாலை ஓட்டினர் ஹார்வி கம்பெனியார். அதே நீரை இரும்புக் கலத்திலே அடைத்து, அடியிலே தீ மூட்டினால்? ஒரு படித் தண்ணீர் ஏறத்தாழ 1,600 படி நீராவியாகித் திமிறும்! அந்த ஆவியிலேதான் அம்பை 16 நெல் வெந்து புழுங்கலரிசி ஆகிறது. அந்தத் திமிறலுக்குக் காவல் நிற்பவன் யார்? பாய்லர் அட்டெண்டர். நம் வீட்டுப் பிள்ளை!

உமி எரித்தாலும் பர்னஸ் ஆயில் எரித்தாலும் அவன் கண் அகலக்கூடாத இடம், கண்ணாடிக் குழாயின் நீர்மட்டம். நீர் வற்றித் தகடு சிவந்திருக்கும்போது, பதறிப்போய்க் குளிர்ந்த நீரைத் திறந்தால் கலம் பிளக்கும். எண்ணெய்த் தீ அணைந்துவிட்டதா? உள்ளே தேங்கிய ஆவியைக் காற்றால் ஊதித் தள்ளாமல் மறுபடி பற்றவைத்தால் உலையே வெடிக்கும். பாதுகாப்பு வால்வு கத்துகிறதே என்று அதை இறுக்கிக் கட்டுபவன் சாவைக் கட்டி வைக்கிறான்.

ஆகவேதான் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று தகுதிச் சான்றிதழ். நல்ல ஏற்பாடு, மறுப்பார் இல்லை. ஆனால் தேர்வுக்கு அமர, இத்தனை காலம் கலத்தருகே உழைத்தான் என்று எழுத்து வேண்டும். எழுதித் தரவேண்டியவர் யார்? முதலாளி! சான்றிதழ் வந்தால் கூலி உயர்வு கேட்பானே என்று அஞ்சுகிறவர், பேனாவைத் தேடுவாரா? ஒருவன் பெயரில் சான்றிதழ் சுவரிலே தொங்க, மற்றொருவன் அனலிலே வேகும் ஆலை ஒன்றிருந்தாலும் அது ஊரை ஏய்ப்பதன்றி வேறென்ன?

2020 சூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்திலே கொதிகலன் வெடித்தது. அன்றே ஆறு பேர் மாண்டனர். மருத்துவமனையிலே மேலும் பலர். ஒப்பந்தத் தொழிலாளரும் அவர்களிலே உண்டு. அரசு நிறுவனத்திலேயே இக்கதி!

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025இல் புதிய கொதிகலன் சட்டம் வந்தது. உயிருக்கு உலை வைக்கும் பெருங்குற்றங்களுக்குச் சிறை உண்டு. மற்றவற்றுக்குப் பணத் தண்டம் போதுமாம். 'தொழில் நடத்துவோருக்கு எளிமை' என்கிறார்கள். தீயின் முன் நிற்பவனுக்கு எளிமை எங்கே?

பேட்டையிலே அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே அட்டெண்டருக்கும் உதவியாளுக்கும் மாலை வகுப்பு நடக்கட்டும், நம் தமிழிலே. உழைத்த நாளை முதலாளி எழுத மறுத்தால், வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஆய்வாளரே எழுதட்டும். தேர்வு நாளின் கூலியும் கட்டணமும் ஆலைக் கணக்கிலே ஏறட்டும்.