நடுவர் மன்றமும் நாடு கடந்த வழக்கும்

சட்டம் பயின்று பட்டம் பெற்றவர் எந்த மன்றத்திலும் வாதாடலாம், அதற்கெனத் தனிப் பயிற்சி எதற்கு என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். பரிசளிப்பு விழாக்களுக்குத் தலைமை தாங்க வரும் பெரியோரும் இதையே சொல்லிச் செல்கின்றனர். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டுச் சென்ற பிள்ளைகள் படிவம் ஐந்தை முடித்தபின் ஆலோசனை கேட்டு மீண்டும் நம்மிடமே வருகின்றனர். அவர்களிடம் நாமும் இந்தப் பாடத்தையே ஒப்புவிக்கின்றோம். இது தவறான வழிகாட்டல். உள்நாட்டு நடுவர் மன்றத்தில் பத்தாண்டு பழகிய வழக்குரைஞரும் அனைத்துலக நடுவர் மன்றத்துக்குப் புதியவரே என்பதை நாம் உணராத வரையில், அத்துறை நம் பிள்ளைகளுக்கு எட்டாக்கனியாகவே இருக்கும்.

குழப்பத்தின் வேர் சொல்லிலேயே இருக்கிறது. ‘மத்தியஸ்தம்’ என்னும் ஒரே சொல்லை நாம் இரண்டுக்கும் பயன்படுத்துகின்றோம். இருவரையும் உட்கார வைத்துப் பேசி இணங்கச் செய்வது ஒன்று. இருவரும் ஒப்புக்கொண்ட நடுவர் வழக்கைக் கேட்டு, கட்டுப்படுத்தும் தீர்ப்பை வழங்குவது மற்றொன்று. முன்னதில் விருப்பமில்லாதவன் எழுந்து போய்விடலாம். பின்னதில் எழுந்து போனாலும் தீர்ப்பு அவனைத் துரத்திக்கொண்டு வரும். தோட்டத்துப் பஞ்சாயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நடுவர் மன்றத்தைப் பார்ப்பதால் நேர்ந்த பிழை இது. சொல்லை ஆளும் நாமே அதைத் திருத்தாவிட்டால் வேறு யார் திருத்துவார்?

உள்நாட்டு நடுவர் மன்றம் நீதிமன்றத்தின் தம்பி போன்றது. கட்டடக் குத்தகையாளர் ஒருவருக்கும் நில உரிமையாளர் ஒருவருக்கும் கோலாலம்பூரில் பிணக்கு என்றால், இருவரும் மலேசியர்; சட்டம் மலேசியச் சட்டம்; நடுவரும் பெரும்பாலும் அறிந்த முகமே. இடையில் சிக்கல் எழுந்தால் ஓடிச் செல்ல ஓர் உயர்நீதிமன்றம் உண்டு. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு நடுவர் மன்றச் சட்டமே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. நடுவர் எத்தனை பேர் என்று தரப்பினர் முடிவு செய்யாவிடில், உள்நாட்டு வழக்குக்கு ஒருவர், அனைத்துலக வழக்குக்கு மூவர் என்கிறது அது. சிங்கப்பூரோ இரண்டுக்கும் இரு தனிச் சட்டங்களை வகுத்திருக்கிறது. அங்கு உள்நாட்டுத் தீர்ப்பில் சட்டப்பிழை நேர்ந்தால், குறிப்பிட்ட வரம்புக்குள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வழியுண்டு. அனைத்துலகச் சட்டத்தின்கீழ் அவ்வழி இல்லை. நடுவர் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டாலும், அந்த ஒரு காரணத்துக்காக அவர் தீர்ப்பைத் தள்ள இயலாது. மேல்முறையீட்டை நம்பியே வளர்ந்த வழக்குரைஞர்க்கு இது எத்துணை பெரிய மாற்றம்!

அனைத்துலக வழக்கில் ஒரே ஒப்பந்தத்தின் மீது மூன்று நாட்டுச் சட்டங்கள் அமர்ந்திருக்கக்கூடும். ஒப்பந்தத்தின் பொருளுக்கு ஒன்று. நடுவர் மன்றத்தின் சட்ட அமைவிடமாகக் குறிக்கப்பட்ட நாட்டுச் சட்டம் மற்றொன்று. ‘பிணக்கை நடுவரிடம் விடுவோம்’ என்னும் அந்த ஒற்றை உறுப்பை ஆளும் சட்டம் இன்னொன்று. மூன்றாவது எது என்பதில் இங்கிலாந்தின் உச்சநீதிமன்றமே 2020இல் நீண்டதொரு தீர்ப்பு எழுத நேர்ந்தது. பின்னர் 2025ஆம் ஆண்டுச் சட்டம், வேறு ஏற்பாடு இல்லாதபோது அமைவிடத்தின் சட்டமே அதுவென்று விதியை மாற்றி அமைத்தது.

யார் வாதாடலாம் என்பதும் ஒரு காலத்தில் பெரும் பூசலாக இருந்தது. 1988இல் சிங்கப்பூர் உயர்நீதிமன்றம், அமெரிக்க வழக்குரைஞர் அங்கு நடுவர் மன்றத்தில் தோன்றக்கூடாது என்றது. ஈராண்டு கழித்துக் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், நம் வழக்குரைஞர் தொழிற் சட்டம் நடுவர் மன்றத்தைத் தடுக்காது என்று நேர்மாறாகக் கூறியது. சிங்கப்பூரும் பிற்பாடு சட்டத்தைத் திருத்திக் கதவைத் திறந்துவிட்டது. விளைவு என்ன? நம் பிள்ளை கோலாலம்பூரிலேயே அமர்ந்திருந்தாலும், எதிரே இலண்டன் வழக்குரைஞரும் நியூயார்க் வழக்குரைஞரும் அமர்வர். அவர்கள் பின்பற்றும் ஒழுக்க விதியும் வேறு. சாட்சியை ஒத்திகை பார்த்து அழைத்து வருவது அமெரிக்கர்க்கு இயல்பான கடமை. ஆங்கிலேயர்க்கோ சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது விலக்கப்பட்ட செயல். எதிர்த்தரப்பின் ஆவணக் குவியலைக் கேட்டுப் பெறுவது ஆங்கிலச் சட்ட மரபு. ஐரோப்பிய நடுவர் அதை மீன்பிடி வலை என்று முகம் சுளிப்பார். இந்த இரு மரபுக்கும் நடுவே பாலம் அமைக்கவே அனைத்துலக வழக்குரைஞர் கழகம் சான்று விதிகளை வகுத்து, 2010இலும் 2020இலும் திருத்தியது. நம் நாட்டுச் சான்றுச் சட்டத்தை மனப்பாடமாக ஒப்புவிப்பவர்க்கு இவ்விதிகள் தாமாக வந்துவிடுமா?

வேறுபாட்டின் முழு உருவத்தையும் நம் நாடே அண்மையில் கண்டது. 1878இல் சூலு சுல்தான் வட போர்னியோ நிலப்பகுதி குறித்து ஓர் உடன்படிக்கை செய்தார். அதன் பேரில் ஆண்டுதோறும் 5,300 ரிங்கிட் அவர்தம் வாரிசுகளுக்குச் சென்றுகொண்டிருந்தது. 2013இல் லகாட் டத்து ஊடுருவலுக்குப் பின் அது நின்றது. வாரிசுகள் ஸ்பெயின் நாட்டு நீதிமன்றத்தை நாடினர். 2019இல் கொன்சாலோ ஸ்தாம்பா என்னும் நடுவர் அமர்த்தப்பட்டார். மலேசியாவுக்கு முறையாக அறிவிப்புச் சார்பு செய்யப்படவில்லை என்று 2021 ஜூனில் மட்ரிட் நீதிமன்றம் அந்த அமர்த்தலையே நீக்கியது.

உள்நாட்டு வழக்காயின் கதை அங்கேயே முடிந்திருக்கும். நடுவரை அமர்த்திய மன்றமே அவரை நீக்கிவிட்டபின் எஞ்சுவது என்ன? ஆனால் அந்நடுவரோ வழக்கின் அமைவிடத்தைப் பாரிசுக்கு மாற்றிக்கொண்டு, 2022 பிப்ரவரி 28இல் மலேசியா 14.92 பில்லியன் அமெரிக்க டாலர் தர வேண்டுமெனத் தீர்ப்பெழுதினார்! எங்கள் ஆசிரியர் அறையில் அன்று பலரும் ‘பிரெஞ்சு கோர்ட் தீர்ப்பு’ என்றே பேசினர். அது நீதிமன்றத் தீர்ப்பன்று, ஒரு தனிமனிதர் எழுதிய நடுவர் தீர்ப்பு என்று விளக்கவே எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

அத்தீர்ப்புக்குக் கால் முளைத்ததற்குக் காரணம் 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கை. 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்துள்ளன. ஒரு நாட்டில் எழுதிய நடுவர் தீர்ப்பை மற்றொரு நாட்டில் நிறைவேற்ற அது வழி செய்கிறது. 2022 ஜூலையில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அதே மாதத்தில் லக்சம்பர்க்கில் பெட்ரோனாசின் இரு துணை நிறுவனங்கள் மீது கைப்பற்று ஆணை பாய்ந்தது. மட்ரிட், பாரிஸ், லக்சம்பர்க், ஹேக் என நான்கு ஊர்களில் நான்கு நாட்டுச் சட்டங்களோடு மலேசியா போராட நேர்ந்தது. 2023 ஜூனில் பாரிஸ் நீதிமன்றமும் ஹேக் நீதிமன்றமும் மலேசியாவின் பக்கம் நின்றன. 2024 நவம்பரில் பிரான்சின் உச்சமன்றம் வாரிசுகளின் முறையீட்டைத் தள்ளியது. அவ்வாண்டு ஜனவரியில் மட்ரிட் நீதிமன்றம் அந்நடுவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனையும், ஓராண்டு அத்தொழில் செய்யத் தடையும் விதித்திருந்தது. வென்றோம் என்று மகிழ்வோர் மகிழட்டும். எத்தனை ஊர், எத்தனை மொழி, எத்தனை வழக்குரைஞர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

“இவை கோடீசுவரர் வழக்குகள், தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு எதற்கு?” என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். வழக்கு கோடீசுவரருடையதாக இருக்கலாம். வழக்குரைஞரும் கோடீசுவரர் வீட்டில் பிறக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? கோலாலம்பூரில் 1978 முதல் நடுவர் மன்ற மையம் இயங்குகிறது. சிங்கப்பூரில் 1991 முதல். நம் வாசலில் இருக்கும் தொழிலை நாமே அயலார்க்கு விட்டுக்கொடுப்பது அறியாமையே அன்றி அடக்கம் அன்று. உள்நாட்டு நடுவர் மன்றப் பயிற்சி வீண் என்றும் நான் கூறவில்லை, தொடக்கம் அங்குதான். அதையே முடிவு என்று மாணவரை நம்பவைப்பதைத்தான் எதிர்க்கின்றேன்.

“சட்டம் ஆங்கிலத்தில் நடப்பது, மொழியாசிரியர்க்கு இதில் என்ன பங்கு?” என்பது இன்னொரு வாதம். அந்த 1878ஆம் ஆண்டு உடன்படிக்கை மலாய் மொழியில், ஜாவி எழுத்தில் எழுதப்பட்டது. அதிலுள்ள ‘பஜாக்கான்’ என்னும் ஒரு சொல்லைப் பிரித்தானியர் ‘முற்றாக அளித்தோம்’ என்று பெயர்த்தனர். வாரிசுகள் தரப்பு ‘குத்தகைக்கு விட்டோம்’ என்றது. ஸ்தாம்பா குத்தகை என்னும் பொருளையே கொண்டார். தொகையும் அதன் மேல் எழுந்ததே. பிணக்கு எழுந்தால் பிரிட்டிஷ் கான்சல் ஜெனரலிடம் கொண்டு செல்க என்றிருந்த வரியும் அவ்வாறே. அது அந்தப் பதவியோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது, அப்பதவியே இன்று இல்லை என்று கண்டுதான் பாரிஸ் நீதிமன்றம் நடுவருக்கு அதிகாரமில்லை என்றது. ஒரு சொல்லையும் ஒரு வரியையும் எப்படிப் படிப்பது என்பதில்தான் 14.92 பில்லியன் தொங்கிக்கொண்டிருந்தது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் கற்று வளரும் நம் பிள்ளை அந்த அறையில் ஏன் இருக்கவில்லை என்று எந்த ஆசிரியர் கூட்டத்திலாவது யாரேனும் கேட்டதுண்டா?