கார்டு வண்டிக்கு... பொறுப்பு யாருக்கு?

கிரெடிட் கார்டு என்றால் அதில் ஒருவர் பெயர் இருக்கும். பில் வந்தால் அவர் கட்ட வேண்டும். கார்டு தொலைந்தால் அவர் பதற வேண்டும். ஆனால், மனிதர் பெயருக்குப் பதிலாக வண்டியின் பெயரில் வழங்கப்படும் கார்டுகள் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் புழங்குகின்றன. அவை அரசு வாகனங்களுக்கான எரிபொருள் கார்டுகள். பெட்ரோல், டீசல், ஆயில் மாற்றுவது, டயர் மாற்றுவது எல்லாவற்றுக்கும் ஓட்டுநர் இந்தக் கார்டைத்தான் நீட்டுகிறார். பணம் அரசுடையது.

வசதியான ஏற்பாடுதான். ஆனால், இதற்குள் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. வண்டிக்குக் கை கிடையாது. கார்டைத் தேய்ப்பது மனிதர்தான். அந்த மனிதர் யார் என்பதை எப்படி உறுதிசெய்வது? இந்தக் கார்டு முறையின் விதிகள் எல்லாமே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

எத்தனை வண்டிகள்?

அமெரிக்க மத்திய அரசில் அலுவலகக் கட்டடம், நாற்காலி, கார் என எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து தர ஓர் அமைப்பு இருக்கிறது. பெயர், பொதுச் சேவைகள் நிர்வாகம், சுருக்கமாக ஜி.எஸ்.ஏ. 1949-ல் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு துறையும் தனித்தனியாக கார் வாங்கி நிறுத்தி வைப்பதைவிட, பொதுவாக ஒரு வாகனக் கூடம் வைத்து எல்லோருக்கும் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு 1954-ல் வந்தது. இன்று ஜி.எஸ்.ஏ. மற்றத் துறைகளுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கும் வாகனங்கள் 2 லட்சத்துக்கும் மேல். அந்த வண்டிகளின் நம்பர் பிளேட் 'ஜி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். தமிழ்நாட்டு அரசு வண்டிகளின் பதிவெண்ணிலும் அதே 'ஜி'தான்.

குத்தகைக்கு எடுத்த துறை இரண்டு வகையில் பணம் கட்டுகிறது. ஒன்று, மாதத்துக்கு இவ்வளவு. மற்றொன்று, ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் இவ்வளவு. எரிபொருளும் பராமரிப்பும் இந்தக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் ஒவ்வொரு வண்டியுடனும் ஒரு கார்டு. துறை மாதாமாதம் ஓடிய மைலைச் சொல்ல வேண்டும். கார்டு எவ்வளவு எரிபொருள் போட்டது என்பதைச் சொல்லும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

இதுதவிர, அஞ்சல் துறைக்குச் சொந்தமாக 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் தனித்தனி கார்டுகள்.

கார்டு திட்டத்துக்கு 'ஸ்மார்ட்பே' என்று பெயர். 1998-ல் தொடங்கியது. 2018 நவம்பரில் இதன் மூன்றாம் கட்டம் வந்தது. சிட்டி பேங்க், யு.எஸ். பேங்க் என இரண்டு வங்கிகள் கார்டுகளைத் தருகின்றன. பொருள் வாங்க ஒரு கார்டு, பயணத்துக்கு ஒரு கார்டு, வாகனத்துக்கு ஒரு கார்டு என வகைகள் உண்டு. துறைகள் பில்லை எவ்வளவு சீக்கிரம் கட்டுகின்றனவோ, அதற்கேற்ப வங்கி ஒரு பங்கைத் திருப்பியும் கொடுக்கும்.

பங்க் கேட்கும் இரண்டு கேள்விகள்

அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் பெட்ரோல் போட்டுவிட ஆள் கிடையாது. ஓட்டுநரே இறங்கி, கார்டைச் செருகி, குழாயைப் பிடிக்க வேண்டும். சாதாரணக் கார்டாக இருந்தால் அத்தோடு முடிந்தது. அரசு கார்டு என்றால் இயந்திரம் இரண்டு விஷயங்களைக் கேட்கும். வண்டி இதுவரை எவ்வளவு ஓடியிருக்கிறது என்ற ஓடோமீட்டர் ரீடிங் ஒன்று. ஓட்டுநரின் அடையாள எண் அல்லது பின் நம்பர் மற்றொன்று.

இரண்டையும் அழுத்திய பிறகுதான் எரிபொருள் வரும். எந்த நாள், எத்தனை மணி, எந்த பங்க், எத்தனை கேலன், என்ன வகை, கேலன் என்ன விலை என அத்தனையும் அந்த நொடியே பதிவாகிவிடும். ஒரு கேலன் என்பது ஏறக்குறைய 3.8 லிட்டர்.

நம்மூர் அரசு ஜீப்களில் லாக் புக் எழுதுவார்களே, அந்த வேலையைத்தான் இந்தக் கார்டு செய்கிறது. ஒரு வித்தியாசம்: லாக் புக்கை மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் மொத்தமாக எழுதிவிட முடியும். கார்டில் அது நடக்காது. நேரமும் இடமும் தானாக விழுந்துவிடும்.

ஆனால், ஓடோமீட்டர் ரீடிங்கை அழுத்துவது மனிதர்தான். 48210 என்பதை அவசரத்தில் 42810 என்று அழுத்தினாலும் பல நேரங்களில் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். பட்டியலில் அந்த வண்டி பின்னோக்கி ஓடியதுபோலத் தெரியும். எண்ணைப் பார்க்கச் சோம்பல்பட்டு 11111 என்று அழுத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்த ஒரு தவறால், வண்டி லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கே பொய்யாகிவிடும். திருட்டு நடந்தாலும் தெரியாது. நடக்காவிட்டாலும் நிரூபிக்க முடியாது.

தபால் வேன் கணக்கு

அமெரிக்காவில் தெருத் தெருவாகத் தபால் கொண்டுபோகும் சிறிய வெள்ளை வேன் ஒன்று உண்டு. 1987 முதல் 1994 வரை தயாரிக்கப்பட்டது. அந்த ஊர்க் கார்களுக்கெல்லாம் இடப்பக்கம் ஸ்டியரிங் என்றால், இதற்கு மட்டும் நம்மூர் வண்டிபோல வலப்பக்கம். சாலையோரத் தபால் பெட்டியில் இறங்காமலேயே கடிதத்தைப் போட வசதியாக அப்படி அமைத்தார்கள். ஏ.சி. கிடையாது. வீட்டுக்கு வீடு நின்று நின்று போவதால் கேலனுக்கு 10 மைல் ஓடினாலே பெரிது. நம் கணக்கில் லிட்டருக்கு நாலேகால் கிலோமீட்டர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்படியொரு வேன் நாளுக்கு 20 மைல் போகிறது என்று வைத்துக்கொண்டால், 2 கேலன் செலவாகும். மாதம் 26 நாள் ஓடினால் 52 கேலன். ஒரு மாதம் அந்த வேனின் கார்டில் 75 கேலன் காட்டுகிறது. கூடுதலாக 23 கேலன். கேலன் 3 டாலர் என்றால் 69 டாலர்.

ஒரு வண்டிக்கு 69 டாலர் யார் கண்ணையும் உறுத்தாது. ஆனால், 2 லட்சம் வண்டிகளில் நூற்றுக்கு ஒன்று இப்படி இருந்தாலே 2,000 வண்டிகள். மாதம் 1,38,000 டாலர். இது உதாரணக் கணக்குதான். ஆனால் இந்தக் கார்டுகளின் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை இது காட்டிவிடும். யாரும் கோடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேய்கிறது.

'பின்' நம்பரைக் கடன் கொடுத்தால்...

அஞ்சல் துறையில் கார்டு வண்டிக்கு, பின் நம்பர் ஊழியருக்கு. ஒரே வேனை இன்று ஒருவர், நாளை வேறொருவர் ஓட்டலாம். கார்டு மாறாது, பின் நம்பர் மாறும். பட்டியலைப் பார்த்தால் யார் எப்போது போட்டார்கள் என்று தெரிந்துவிட வேண்டும். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது.

நடைமுறை? அஞ்சல் துறையின் உள் தணிக்கையைச் செய்யும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் பல ஊர்களில் ஆய்வு நடத்தி அறிக்கை வெளியிடுகிறது. அவற்றில் திரும்பத் திரும்ப ஒரே குறைகள் வருகின்றன. ஓய்வு பெற்றவர்கள், வேலையை விட்டுப் போனவர்களின் பின் நம்பர்கள் ரத்து செய்யப்படாமல் உயிரோடு இருக்கின்றன. ஒரே ஊழியருக்கு இரண்டு பின் நம்பர்கள் இருக்கின்றன. மாதாந்திரப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டியவர் சரிபார்க்கவில்லை, ரசீதுகளையும் காணவில்லை.

இதில் அதிகம் பாதிக்கப்படுவது யார் என்று யோசித்தால், அரசைவிட ஒரு நேர்மையான ஊழியர்தான். புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு இன்னும் பின் நம்பர் வரவில்லை. "என் நம்பரைப் போட்டுக்கோப்பா" என்று பழையவர் உதவி செய்கிறார். நல்ல மனதுதான். ஆனால் அந்த எண் இரண்டு பேருக்குத் தெரிந்து, நாலு பேருக்குத் தெரிந்து, ஒருநாள் யாரோ ஒருவர் தன் சொந்தக் காரின் டேங்கை அதில் நிரப்பிக்கொள்கிறார். விசாரணை வரும்போது காகிதத்தில் இருப்பது உதவி செய்தவரின் எண். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

பின் நம்பரைக் கார்டின் பின்புறம் எழுதாதே, கார்டு உறைக்குள் சீட்டு வைக்காதே, மற்றவரிடம் சொல்லாதே என்ற விதிகள் ஊழியரைச் சந்தேகப்படும் விதிகள்போலத் தெரியும். உண்மையில் அவை ஊழியரைக் காப்பாற்றும் விதிகள்.

குற்றம் நிரூபணமானால் தண்டனை சிறியதல்ல. அமெரிக்கச் சட்டப்படி 1,000 டாலருக்கு மேல் அரசுச் சொத்தைத் திருடினால் 10 ஆண்டுகள் வரை சிறை. அரசு காரைத் தெரிந்தே சொந்த வேலைக்குப் பயன்படுத்திய ஊழியருக்கு, குறைந்தது ஒரு மாதம் சம்பளமில்லாத பணியிடைநீக்கம் என்று தனிச் சட்டமே இருக்கிறது.

ஊழியர் செய்யாத திருட்டும் உண்டு. பங்க் இயந்திரத்தில் 'ஸ்கிம்மர்' என்ற சிறு கருவியைத் திருடர்கள் பொருத்திவிடுவார்கள். கார்டைச் செருகும்போது அதன் விவரங்களை அது படித்துக்கொள்ளும். பிறகு போலி கார்டு தயாராகி, வேறு ஊரில் டீசல் நிரப்பும். அப்போது அசல் வண்டி இங்கே நின்றுகொண்டிருந்தது என்று காட்டுவதற்குச் சரியான ஓடோமீட்டர் ரீடிங்கும் ரசீதும்தான் ஓட்டுநருக்குச் சாட்சி.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு தொலைபேசி

எரிபொருளைவிடப் பராமரிப்பில் ஏமாற்றுவது சுலபம். பெட்ரோல் அளவை இயந்திரம் காட்டிவிடும். பிரேக் பேடு உண்மையிலேயே தேய்ந்திருந்ததா என்று யார் காட்டுவது?

இதற்கு ஜி.எஸ்.ஏ. வைத்திருக்கும் வழி எளிமையானது. சிறிய வேலைகளுக்குக் கார்டை நேராகப் பயன்படுத்தலாம். ஒரு தொகைக்கு மேல் போனால், வேலையைத் தொடங்கும் முன்பே ஜி.எஸ்.ஏ.வின் பராமரிப்புக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். பதில் சொல்பவர் கணக்கர் அல்ல, வண்டி வேலை தெரிந்தவர். வண்டியின் முழு வரலாறும் அவர் முன்னால் திரையில் இருக்கும். "இந்த வண்டிக்கு ஆறு மாதத்துக்கு முன்புதானே பேட்டரி மாற்றினீர்கள்? உத்தரவாதம் இருக்குமே" என்று அவர் கேட்க முடியும். இந்த ஒரு கேள்வி, பின்னால் வரும் பத்து தணிக்கை அறிக்கைகளுக்குச் சமம்.

கார்டில் எது கூடாது என்பதும் தெளிவு. தயாரிப்பாளர் கட்டாயம் என்று சொல்லாத வண்டிக்கு விலை அதிகமான பிரீமியம் பெட்ரோல் கூடாது. பங்க் கடையில் காபி, சிப்ஸ் கூடாது. வாடகைக் காருக்கும் சொந்தக் காருக்கும் கூடவே கூடாது.

பட்டியலைப் படிப்பவர்

இத்தனை ஏற்பாடுகளும் கடைசியில் ஒரு மனிதரிடம் வந்து நிற்கின்றன. ஒவ்வொரு அலுவலகத்திலும் மாதப் பட்டியலைப் பார்க்கும் பொறுப்பு ஒருவருக்கு இருக்கும். டேங்க் கொள்ளளவைவிட அதிகமாகப் போட்டது, ஒரே நாளில் இரண்டு முறை போட்டது, விடுமுறை நாளில் போட்டது, பிரீமியம் போட்டது போன்றவற்றைக் கணினியே பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் கணினிக்குச் சந்தேகப்பட மட்டுமே தெரியும், காரணம் தெரியாது.

குளிர்காலத்தில் இன்ஜினை அணைக்காமல் நிறுத்தியிருக்கலாம். வழக்கமான வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் இன்னொரு வண்டி இரண்டு வழித்தடத்தைப் பார்த்திருக்கலாம். ஓட்டுநர் எண்ணைத் தவறாக அழுத்தியிருக்கலாம். அல்லது, திருடியிருக்கலாம். நாலில் எது என்பதை, அந்த வழித்தடத்தையும் அந்த ஓட்டுநரையும் தெரிந்த ஒருவர் கேட்டால்தான் தெரியும். அதுவும் அந்த மாதமே கேட்க வேண்டும். ஒரு வருடம் கழித்துத் தணிக்கை வந்து கேட்டால், நேர்மையானவருக்கும் நினைவிருக்காது.

பட்டியலைப் படிக்காமல் 'சரி' என்று குறித்துவிட்டால், உலகின் எந்தத் தொழில்நுட்பமும் உதவாது. தணிக்கை அறிக்கைகள் மென்மையாகச் சொல்லும் விஷயம் இதுதான்: பெரும்பாலான இடங்களில் உடைந்தது விதி அல்ல, பார்க்கும் பழக்கம்.

நாலு வண்டி வைத்திருப்பவருக்கும்...

இந்தியாவிலும் எண்ணெய் நிறுவனங்கள் லாரி, வேன் உரிமையாளர்களுக்கு இதுபோன்ற கார்டுகளைத் தருகின்றன. கார்டே இல்லாமல் பங்க்கில் மாதக் கணக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. பள்ளி வேன், கால் டாக்ஸி, தண்ணீர் லாரி என எதுவாக இருந்தாலும் அமெரிக்காவின் அனுபவம் அப்படியே பொருந்தும்:

* வண்டிக்கு ஒரு கார்டு, ஓட்டுநருக்கு ஒரு பின் நம்பர். இரண்டையும் ஒருபோதும் ஒரே உறையில் வைக்கக் கூடாது.
* எரிபொருள் போடும்போதெல்லாம் ஓடோமீட்டர் ரீடிங். மொபைலில் ஒரு படம் எடுத்து அனுப்பினாலே போதும்.
* ஓட்டுநர் வேலையை விட்டால் அன்றே அவரது பின் நம்பரை மாற்றிவிட வேண்டும்.
* பெரிய ரிப்பேர் என்றால் வேலை தொடங்கும் முன் ஒரு போன். முடிந்த பின் பில் வருவதற்காகக் காத்திருக்கக் கூடாது.
* மாதம் ஒருநாள், அரை மணி நேரம், பட்டியலை வரி வரியாகப் படிக்க வேண்டும். கணக்கு இடித்தால் முதலில் காரணம் கேட்க வேண்டும். குற்றம் சாட்டுவது அதற்குப் பிறகுதான்.

கடைசிப் பழக்கத்தைக் கடைப்பிடிக்கும் இடங்களில் ஒரு மாற்றம் தெரியும். கேள்வி வரும் என்று தெரிந்தால் கை நீளுகிறவர் யோசிப்பார். நேர்மையாக ஓட்டுகிறவர், தன் கணக்கை ஒருவர் பார்க்கிறார் என்று நிம்மதியாக வண்டியை எடுப்பார்.