மல்லாட்டைச் சட்னி

ஸ்பெயின், மெக்ஸிகோ தேசங்களின் ருசியை அறிய விரும்பும் நேயர்கள் கப்பலேற வேண்டியதில்லை. நெய்வேலியில் ஒரு குடும்பத்தார் கூடி நடத்தும் சிறு சிற்றுண்டிச் சாலை எதிலேனும் நுழைந்து, இட்டிலிக்கு மல்லாட்டைச் சட்னி கேளுங்கள்; போதும்.

அதிலுள்ள மிளகாயும் தக்காளியும் மெக்ஸிகோவில் பயிரானவை. போர்த்துக்கீசியர் மிளகாயைக் கொணரும் வரையில் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர். புதிய காய்க்கும் அதன் பெயரையே சூட்டி உறவாக்கிக்கொண்டனர். நிலக்கடலையோ தென் அமெரிக்கப் பயிர். இவ்வட்டாரத்தில் அதற்கு மணிலாக் கொட்டை என்று பெயர். அதுவே பேச்சில் மல்லாட்டையாயிற்று. மணிலா, ஸ்பெயின் ஆண்ட பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைநகர். அத்தீவுகளுக்கும் மெக்ஸிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்குமிடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின.

1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்ட பின் நெய்வேலிக்கும் பல திசை மக்கள் வந்து குடியேறினர். வகுப்பில் “நீ வெளியூர்தானே?” என்று தோழனை இடித்துரைக்கும் பிள்ளைக்கு இந்தச் சட்னியையே பாடமாக வைக்கலாம். மல்லாட்டையைப் பார்த்து, “உனக்கு எந்த ஊர்?” என்று இன்று யார் கேட்கிறார்கள்?