தீவண்ணக் குழம்பும் பலமனேர்ச் சூளையும்

விறகுச் சூளையில் வேகும் கலங்களின்மீது, சுடுவதற்கு முன் ஒருவகை வெண்களிமண் குழம்பைப் பூசி, நெருப்பின் போக்கினாலேயே செம்மையும் பொன்மையும் படரச் செய்யும் முறையொன்று உண்டு. ஆங்கிலத்தில் இதற்குப் ‘பிளாஷிங் ஸ்லிப்’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மின்னும் குழம்பு’ என்றாகும். ஆனால் அது மின்னுவதே இல்லை. தீ தொட்ட இடம் சிவப்பதால் ‘தீவண்ணக் குழம்பு’ எனலாம். சித்தூர் மாவட்டத்துப் பலமனேரில் சுடுமண் தொழில் செய்வோருக்கு இதனைக் கற்பிக்கலாமா என்பதே கேள்வி.

கற்பிக்கலாம்; ஆனால் செய்முறைச் சீட்டொன்றைக் கையில் கொடுத்துவிட்டு வருதல் தகாது என்பது என் கருத்து. காரணம் உஷ்ணநிலை. இக்குழம்பில் பெரும்பகுதி சீனாக்களிமண். அதில் அலுமினா மிகுதி, இரும்பு சொற்பம். விறகுச் சாம்பலிலிருந்து எழும் பொட்டாசியம், சோடியம் ஆவிகள் அதன்மேற் படிந்து மெல்லிய படலமாக உருகுதல் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 1,200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி போன்ற இடங்களின் சூளைகளுக்கு அது எட்டும். கிராமத்துக் கும்மரியின் ஆவம் 1,000 டிகிரியைத் தாண்டுவது அரிது. மிகத் தாண்டினால் ஏரி மண்ணாற் செய்த கலமே வளைந்துவிடும். குறைந்த சூட்டிலோ, அவ்வெண்குழம்பு வேகாமல் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும்.

ஜப்பானில் பிஜென் என்னும் ஊரில் பூச்சற்ற கலங்களுக்கு நெல் வைக்கோலைச் சுற்றிச் சுடுவர். வைக்கோல் பட்ட இடம் செங்கோடாகும். குஸானோ முதலிய ஆய்வாளர் 2010-இல் இதனை விளக்கினர். வைக்கோலின் பொட்டாசியம் களிமண்ணோடு கூடி உருக, அதில் கொரண்டம் படிகங்கள் தோன்றுகின்றன. ஆறும்போது அவற்றைச் சுற்றி ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்ஸைடு வளர்கிறது. நமக்கும் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. எனினும் அங்கும் சூடு 1,200 டிகிரிக்கு மேலேயே!

ஆகையால் குறைந்த சூட்டுக்கு இசைந்த காவிக் குழம்பிலிருந்து தொடங்குவதே நேர்வழி. அதில் இரும்பு மிகுதி. காற்று தாராளமாகச் சென்றால் சிவக்கும், புகையை அடைத்தால் கறுக்கும். ஆதிச்சநல்லூரிற் கிடைத்த கறுப்பு-சிவப்புக் கலங்கள் இவ்வித்தை பழையதென்பதற்குச் சான்று. உள்ளங்கையளவு ஓடுகள் சில செய்து, பாதிக்கு மட்டும் குழம்பு பூசி, எண் கீறி, தீவாயருகிலும் நடுவிலும் புகைபோகும் பக்கத்திலும் வைக்கவேண்டும். எந்த விறகு, எத்தனை மணி நேரம், வாயை எப்போது அடைத்தார்கள் என்பவற்றை ஏட்டிற் குறிக்கவேண்டும். இதனைப் பள்ளி மாணவரும் செய்யலாம். உப்பு நீரில் நனைத்த வைக்கோலை வைத்துச் சுடுவதை மட்டும் பள்ளியில் செய்யலாகாது. அதன் புகை நெஞ்சைக் கெடுக்கும்.

சூளை ஒன்று முழுதும் கெட்டால் ஒரு குடும்பத்தின் பலநாள் உழைப்பு போய்விடும். சோதனை ஓடுகள் சூளையில் ஒரு மூலைக்கு மேல் அடைக்கலாகாது. அம்மூலைக்குரிய கூலியையும் விறகு விலையையும் பயிற்சி நடத்தும் துறையே கொடுத்தல் வேண்டும், அதுவும் சூளை மூட்டுவதற்கு முன்பே.