லாகின் ஆகுது... லிஸ்ட் வரலையே!

'போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்களை ஆல்பம் டிசைனர் எடுத்துக்கொள்வதற்காக, ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஃபைல்ஸில்லா சர்வர் போட்டிருக்கிறேன். அவர் தன் வீட்டிலிருந்து நுழைந்தால், பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறது. ஆனால், ஃபோல்டர் பட்டியல் வராமல் அப்படியே நின்றுவிடுகிறது. ஃபயர்வாலை மொத்தமாக ஆஃப் செய்துவிடலாமா?' - இது ஒரு வாசகரின் கேள்வி.

வேண்டவே வேண்டாம்! உங்களிடம் இருப்பது அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படங்கள். ஒரு ஜன்னலைத் திறப்பதற்காக, வீட்டின் சுவரையே இடிக்கக் கூடாது.

லாகின் ஆகிறது என்றாலே பாதி வேலை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எஃப்.டி.பி-க்கு இரண்டு இணைப்புகள் வேண்டும். பெயர், பாஸ்வேர்டு, கட்டளைகள் எல்லாம் 21-ம் எண் போர்ட்டில் போகும். ஃபோல்டர் பட்டியலும் படங்களும் வேறொரு போர்ட்டில் வரும். 'பேசிவ் மோட்' என்ற முறையில், அந்த இரண்டாவது எண்ணை சர்வர்தான் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லும். அது ஃபயர்வாலுக்கும் ரூட்டருக்கும் தெரியாத எண். அதனால் தடுத்துவிடுகின்றன.

இதன் முதல் வரைவை 1971-ல் எழுதியவர், ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த அபய் பூஷண். அன்றைக்கு ஃபயர்வால் என்ற பேச்சே கிடையாது!

சரி, என்ன செய்யலாம்?

1. ஃபைல்ஸில்லா சர்வர் செட்டிங்ஸில் 'பேசிவ் மோட்' பகுதிக்குப் போய், 50000 முதல் 50100 வரை என்று போர்ட் எல்லையைக் குறியுங்கள். உங்கள் இன்டர்நெட் இணைப்பின் வெளி ஐ.பி. முகவரியையும் அங்கேயே கொடுங்கள்.

2. விண்டோஸ் ஃபயர்வாலின் 'இன்பவுண்ட் ரூல்ஸ்' பகுதியில், டி.சி.பி. 21, 50000-50100 ஆகியவற்றை மட்டும் அனுமதியுங்கள்.

3. ரூட்டரின் 'போர்ட் ஃபார்வர்டிங்' பகுதியில், இதே எண்களை ஸ்டூடியோ கம்ப்யூட்டரின் உள் முகவரிக்குத் திருப்பிவிடுங்கள்.

ஸ்டூடியோ வைஃபையிலேயே சோதித்தால் உண்மை தெரியாது. மொபைல் டேட்டாவில் இணைந்து பாருங்கள். டிசைனரின் திரையில் 227 என்று தொடங்கும் வரியில், கடைசி இரண்டு எண்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். 195,149 என்றிருந்தால், 195-ஐ 256-ஆல் பெருக்கி 149-ஐக் கூட்டுங்கள். 50069 வரும். அது நீங்கள் கொடுத்த எல்லைக்குள் இருந்தால், முதல் படி சரி. அதன் பிறகும் நின்றால், ஃபயர்வாலையும் ரூட்டரையும் மறுபடி பாருங்கள்.

ரூட்டர் காட்டும் வெளி முகவரியும், கூகுளில் 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடினால் வரும் முகவரியும் வேறு வேறாக இருக்கிறதா? அப்படியென்றால், உங்கள் ரூட்டரில் என்ன மாற்றினாலும் பலன் இருக்காது. இணைய நிறுவனத்திடம் 'ஸ்டேட்டிக் ஐ.பி.' கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. சாதாரண எஃப்.டி.பி-யில் பாஸ்வேர்டு பூட்டில்லாமல் போகும். வழியில் யாரும் படிக்க முடியும். 'டி.எல்.எஸ்.' கட்டாயம் என்று செட் செய்யுங்கள். ஆல்பம் வேலை முடிந்ததும் சர்வரை நிறுத்திவிடுங்கள்.